வாசகர் கேள்வி, அறிவியல் பதில்: நிலா கடலைத் தூக்குகிறதா?

கடலேற்றம், கடல்வற்றம் (இரண்டையும் சேர்த்து ஓதம் என்பார்கள்) குறித்துக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழில் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறோம். ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

கேள்வி: நிலாவின் ஈர்ப்பால்தான் ஓதங்கள் உண்டாகின்றன என்று வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "சூரியன்தானே நிலாவைவிட வலுவாக இழுக்கிறது, பிறகு ஏன் நிலாவைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "நிலா இருக்கும் பக்கம் தண்ணீர் ஏறுவது சரி, எதிர்ப்பக்கத்தில் ஏன் ஏறுகிறது?" என்றாள். இரண்டுக்கும் என்னால் நிறைவாகப் பதில் சொல்ல முடியவில்லை.
— பள்ளி ஆசிரியை, தேவனாம்பட்டினம், கடலூர்

இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள். முதல் மாணவி சொன்னது உண்மை: சூரியன் பூமியை இழுக்கும் விசை, நிலா இழுக்கும் விசையைப் போல் ஏறக்குறைய 180 மடங்கு. ஆனால் ஓதத்தை உண்டாக்குவது இழுவையின் மொத்த அளவு இல்லை. பூமியின் மையத்தில் அந்த இழுவை எவ்வளவு, நிலாவைப் பார்த்திருக்கும் பக்கத்தில் எவ்வளவு, அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் எவ்வளவு என்னும் வேறுபாடுதான் ஓதத்தை உண்டாக்குகிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவாக இழுத்தால் பூமியும் கடலும் சேர்ந்தே நகரும். கடல் மட்டும் தனியே ஏற வேண்டிய காரணம் இருக்காது.

இதைக் கணக்காகவே கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். நிலா நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதாவது பூமியின் ஆரத்தைப் போல் சுமார் 60 மடங்கு. ஆகவே நிலாவை நோக்கிய பக்கத்துக் கடல்நீர், பூமியின் மையத்தைவிட அறுபதில் ஒரு பங்கு நிலாவுக்கு அருகில் இருக்கிறது. ஈர்ப்பு விசை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், அந்த நீரின் மீதான இழுவை மையத்தில் உள்ளதைவிட நூற்றுக்கு 3.4 பங்கு கூடுகிறது. எதிர்ப்பக்கத்தில் ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. சூரியனோ 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், பூமியின் ஆரத்தைப் போல் 23,500 மடங்கு தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் பூமியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிட்டத்தட்ட ஒரே தொலைவுதான்; வேறுபாடு நூற்றுக்கு 0.0085 பங்கு மட்டுமே. இப்போது இந்த 0.0085ஐ 180ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 1.5 வரும். நிலாவுக்கு 3.4, சூரியனுக்கு 1.5. ஓதத்தைப் பொறுத்தவரை சூரியனின் பங்கு நிலாவின் பங்கில் பாதிக்கும் சற்றுக் குறைவு என்பது இதிலிருந்தே தெளிவாகிவிடும். மிரட்டும் பெருஞ்சொற்கள் எதுவும் இல்லாமல் எட்டாம் வகுப்புப் பெருக்கலிலேயே விடை கிடைத்துவிடுவது இந்தக் கேள்வியின் அழகு.

இரண்டாம் மாணவிக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. நிலாவின் இழுவையால் பூமி முழுவதும் ஓரளவு நிலாவை நோக்கி முடுக்கப்படுகிறது. முன்பக்க நீர் பூமியைவிட அதிகமாக இழுக்கப்படுவதால் முந்திக்கொள்கிறது. பின்பக்க நீர் பூமியைவிடக் குறைவாக இழுக்கப்படுவதால் பின்தங்கிவிடுகிறது. முந்தியதும் ஒரு மேடு, பின்தங்கியதும் ஒரு மேடு. பின்பக்க மேட்டுக்கு மையவிலக்கு விசைதான் காரணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பழக்கம் உண்டு. கணக்கைச் சரியாக வைத்துக்கொண்டால் அந்த வழியிலும் இதே விடைக்கு வரலாம். ஆனால் பூமி தன் அச்சில் சுழல்வதோடு அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் மாணவர்களே அதிகம் என்பதால், முந்துதல், பின்தங்குதல் என்று விளக்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நிலா கடலை மேல்நோக்கித் தூக்குவதில்லை. நிலா உச்சியில் இருக்கும்போது இந்த வேறுபாட்டு விசை, பூமி தண்ணீரைக் கீழே இழுக்கும் விசையில் ஏறக்குறைய 90 லட்சத்தில் ஒரு பங்குதான். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது ஏழு மில்லிகிராம் எடைக் குறைவு. ஓர் அரிசிமணியின் எடையில் பாதிகூட இல்லை. இவ்வளவு சிறிய விசை தண்ணீரைத் தூக்கிவிடாது. நிலா அடிவானத்துக்கும் உச்சிக்கும் இடையே சாய்வாக நிற்கும் இடங்களில், அதே சிறு விசை கடல்பரப்பின் வழியே கிடைமட்டமாகச் செயல்படுகிறது. அங்கே அதை எதிர்க்க பூமியின் ஈர்ப்பு குறுக்கே நிற்பதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் நீர் பக்கவாட்டில் சிறிது சிறிதாக நகர்ந்து ஓரிடத்தில் சேர்வதால்தான் மேடு உருவாகிறது.

கேள்வி: அப்படியானால் வீராணம் ஏரியில் ஏன் ஓதம் வருவதில்லை? கிணற்றில்? நம் உடலிலும் தண்ணீர்தானே அதிகம்?
— சேத்தியாத்தோப்பு வாசகர்

மேலே சொன்ன கிடைமட்ட நகர்வுக்கு நீளம் வேண்டும். வீராணம் பெரிய ஏரிதான். ஆனால் அதன் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நிலா ஏற்படுத்தக்கூடிய மட்ட வேறுபாடு ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஏரியில் வீசும் சிறு காற்றே அதைப் போல் பல மடங்கு தண்ணீரை ஒதுக்கிவிடும். கிணற்றிலும் மனித உடலிலும் இந்த நீளம் சில அடிகள் என்பதால் விளைவும் இல்லை என்றே கொள்ளலாம். பௌர்ணமியன்று மனநிலை மாறுகிறது என்பதற்கு ஓதத்தைச் சான்றாகக் காட்டுவோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

ஆனால் வீராணமும் அதைத் தாங்கும் நிலமும் சேர்ந்து அசைகின்றன என்பது பலர் அறியாதது. பூமியின் திடமான பகுதியும் நிலாவாலும் சூரியனாலும் ஒரு நாளில் இருமுறை சில பத்து சென்டிமீட்டர்கள் உயர்ந்து தாழ்கிறது. சுற்றியுள்ள நிலம் முழுவதும் ஒன்றாக அசைவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கேள்வி: மாசிமகத்தன்று வைத்திக்குப்பத்தில் சுவாமிகள் தீர்த்தவாரிக்கு வரும்போது கடல் வழக்கத்தைவிட மேலே ஏறியிருப்பதாக வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மையா? உண்மையென்றால், பௌர்ணமி நிலா உச்சிக்கு வருவது நள்ளிரவில். தண்ணீர் ஏறுவதோ வேறு நேரத்தில். இது ஏன்?
— குடும்பத்தலைவி, புதுச்சேரி

பெரியவர்கள் சொல்வதில் அடிப்படை இருக்கிறது. மக நட்சத்திரம் பௌர்ணமியை ஒட்டி வரும் நாள் மாசிமகம். பௌர்ணமியிலும் அமாவாசையிலும் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் நிற்பதால் சூரியனின் பங்கும் நிலாவின் பங்கும் கூடிவிடுகின்றன. அந்நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமியை ஒட்டி இரண்டும் செங்குத்தான திசைகளில் இழுப்பதால் ஒன்றை ஒன்று ஓரளவு கெடுத்துக்கொள்கின்றன. அப்போது கடல் மிகக் குறைவாகவே ஏறி இறங்கும். உங்கள் கரையில் பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு மூன்றடிக்குள் இருக்கும். அஷ்டமியை ஒட்டி அது ஓரடி அளவுக்குச் சுருங்கிவிடும். பெரும் ஏற்றம் சரியாகப் பௌர்ணமியன்றே வராமல் ஓரிரு நாள் பிந்தி, பிரதமையிலோ துவிதியையிலோ வருவதும் வழக்கம்.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. மார்ச் மாதத்தில் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேராக வந்துவிடுவதால், அதை ஒட்டிய பௌர்ணமி, அமாவாசை ஓதங்கள் ஆண்டிலேயே வலிமையானவற்றில் சேரும். ஆனால் வங்கக் கடலின் சராசரி மட்டமே நம் கரையில் பருவத்துக்குப் பருவம் ஏறக்குறைய ஓரடி மாறுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலமான ஐப்பசி, கார்த்திகையில் அது உயர்ந்தும், மாசி, பங்குனியில் தாழ்ந்தும் இருக்கும். காற்றும் கரையோர நீரோட்டங்களும் நீரின் வெப்பமும் உப்புத்தன்மையும் இதற்குக் காரணம். நிலாவுக்கு இதில் பங்கு இல்லை. ஆகவே மாசியில் ஓதம் வலிமையாக இருந்தாலும் அது தாழ்ந்த மட்டத்திலிருந்து ஏறுகிறது. கார்த்திகைப் பௌர்ணமியில் அதே கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் இன்னும் மேலே வந்திருக்க வாய்ப்பு அதிகம்; அன்று கூட்டம் இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை என்றே நினைக்கிறேன்.

நேரத்தைப் பற்றிய உங்கள் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏனெனில் பாடநூல் படத்தில் நிலாவுக்கு நேர்க்கீழே வரைந்திருக்கும் நீர்மேடு உண்மையான கடலில் அப்படி இருப்பதே இல்லை. பூமி சுழல்வதால் அந்த மேடு எப்போதும் நிலாவுக்குக் கீழேயே இருக்க வேண்டுமானால், பூமத்திய ரேகையில் அது மணிக்கு 1,600 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். இத்தகைய நீண்ட அலையின் வேகத்தைக் கடலின் ஆழம்தான் முடிவு செய்கிறது. நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள கடலில் அது மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர் வேகத்தில்தான் போக முடியும். 1,600ஐ எட்ட வேண்டுமானால் கடல் 20 கிலோமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். உலகின் மிக ஆழமான இடமே 11 கிலோமீட்டர்தான். போதாக்குறைக்குக் கண்டங்கள் வேறு குறுக்கே நிற்கின்றன. ஆகவே நிலா முன்னே போக, கடல் அதைத் துரத்த முடியாமல் தன் வடிநிலத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் அலைபாய்கிறது. 1687இல் நியூட்டன் வெளியிட்ட விளக்கம் ஓதத்தின் காரணத்தைச் சொன்னது. கடல் உண்மையில் எப்படி அசைகிறது என்பதற்கான சமன்பாடுகளை 1770களில் பிரான்சைச் சேர்ந்த லாப்லாஸ் எழுதினார். வங்கக் கடலுக்குத் தெற்கே விரிந்த இந்தியப் பெருங்கடலிலிருந்துதான் இந்த அசைவு உள்ளே வருகிறது. நிலா உச்சியைக் கடக்கும் நேரத்துக்கும் நம் கரையில் நீர் உச்சத்தை எட்டும் நேரத்துக்கும் இடையில் பல மணி நேரம் ஆகிவிடுவது அதனால்தான். ஆனால் இந்த இடைவெளி ஓரிடத்தில் அதிகம் மாறாது என்பதால், பௌர்ணமிதோறும் நீர் ஏறும் நேரம் கடிகாரத்தில் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். இதைக் கடற்கரை ஊர்களில் கணக்குப் போடாமலே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

கரையில் பார்க்கும்போது அலையை ஓதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடற்கரைச் சாலையின் கருங்கற்களில் மோதித் தெறிக்கும் அலையின் உயரம் அன்றைய காற்றைப் பொறுத்தது. ஓதத்தைப் பார்க்க வேண்டுமானால் அரியாங்குப்பம் ஆற்றின் கழிமுகத்திலோ சுண்ணாம்பாற்றிலோ அலையில்லாத ஓரத்தில் நட்ட ஒரு கம்பைக் காலையில் ஒருமுறையும் ஆறு மணி நேரம் கழித்து ஒருமுறையும் பாருங்கள்.

கேள்வி: படகுத் தொழிலில் இருக்கிறேன். முகத்துவாரத்தில் தண்ணீர் ஏறும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகிறது. எவ்வளவு தள்ளும் என்று திட்டமாகச் சொல்ல முடியுமா?
— கடலூர் முதுநகர் வாசகர்

நாளொன்றுக்குச் சராசரியாக 50 நிமிடம். பூமி ஒரு சுற்று முடிப்பதற்குள் நிலாவும் தன் பாதையில் கிழக்கே நகர்ந்துவிடுகிறது; அதை மீண்டும் எட்டிப் பிடிக்கப் பூமிக்கு 24 மணி 50 நிமிடம் ஆகிறது. அதில் இரண்டு ஏற்றம் வருவதால் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே 12 மணி 25 நிமிடம். இது சராசரி, சில நாட்களில் அரை மணிதான் தள்ளும், அஷ்டமியை ஒட்டி ஒரு மணிக்கு மேலும் தள்ளும்.

கெடிலமும் உப்பனாறும் கடலில் சேரும் உங்கள் முகத்துவாரத்தில் மழைக்காலத்தில் கணக்கு மாறும். ஆற்றில் வெள்ளம் இறங்கும்போது வற்ற நேரம் நீண்டு, ஏற்ற நேரம் குறுகும். கடலும் ஏறி, ஆற்றிலும் வெள்ளம் வந்தால் வடிகால்களில் தண்ணீர் நின்றுவிடுவதைக் கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மணல்திட்டின் மேல் படகு தட்டாமல் கடக்க, நீர் உச்சத்தை எட்டுவதற்குச் சற்று முன்பு, ஏற்றம் இன்னும் உள்ளே வந்துகொண்டிருக்கும்போதே நுழைவது பாதுகாப்பானது. அப்போது தட்டினாலும் தண்ணீர் மேலும் ஏறிப் படகைத் தூக்கிவிடும். வற்றத் தொடங்கிய பிறகு தட்டினால் அடுத்த ஏற்றம் வரை காத்திருக்க வேண்டும்.

கேள்வி: பாவ்நகரில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே கடல் கண்ணுக்கு எட்டாத தூரம் உள்வாங்கிவிடும் என்கிறான். நிலா ஒன்றுதானே? நம் ஊரில் ஏன் மூன்றடிக்கு மேல் போவதில்லை?
— ஓய்வுபெற்ற ஊழியர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

நிலா ஒன்றுதான், கரைகள் வேறு. நடுக்கடலில் ஓதத்தின் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். அது கரையை அடையும்போது என்ன ஆகிறது என்பதைக் கடலடித் தரையும் கரையின் வடிவமும் தீர்மானிக்கின்றன. பாவ்நகர் அமைந்திருக்கும், குஜராத்தின் காம்பே வளைகுடா வாயகன்று, உள்ளே போகப் போகக் குறுகி, ஆழமும் குறைந்துகொண்டே போகிறது. அகன்ற வாயால் நுழைந்த நீர் முழுவதும் குறுகிய இடத்துக்குள் தள்ளப்படும்போது மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 10 மீட்டருக்கு மேல் வேறுபாடு வருவதுண்டு. பாவ்நகருக்குத் தெற்கே அலங் கடற்கரையில் பழைய கப்பல்களை உடைக்கும் தொழில் நடப்பதே இந்த ஓதத்தை நம்பித்தான்: பௌர்ணமி, அமாவாசை ஏற்றத்தில் கப்பலை முழுவேகத்தில் கரையேற்றிவிடுவார்கள், நீர் வற்றியதும் அது சேற்றில் உட்கார்ந்துவிடும்.

இதற்கு மேல் ஒத்ததிர்வு என்று ஒன்றும் இருக்கிறது. ஊஞ்சல் தானாக ஆடும் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் சிறு தள்ளலிலேயே அது உயரப் போவதுபோல, வளைகுடாவில் நீர் தானாக முன்னும் பின்னும் ஆடும் காலம் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு அருகில் அமைந்துவிட்டால் ஓதம் பெருகிவிடும். கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் 16 மீட்டர் வரை நீர் ஏறுவதற்கு இதுவே முதற்காரணம்.

கடலூர், புதுச்சேரிக் கரையில் இவற்றில் எதுவும் இல்லை. கரை ஏறக்குறைய நேராகப் போகிறது. சற்றுத் தொலைவிலேயே கடல் ஆழமாகிவிடுகிறது. நீரைப் பிடித்துக் குவிக்கும் புனல் நம்மிடம் இல்லை. அதே வங்கக் கடலில் வடக்கே போகப் போக ஓதம் வளர்ந்து, ஹூக்ளி முகத்துவாரத்தில் 4, 5 மீட்டரை எட்டுகிறது. அங்கே ஏற்றம் ஆற்றுக்குள் சுவர்போல் எழுந்து ஓடுவதும் உண்டு. நம் மாவட்டத்தில் இரண்டு, மூன்றடி ஓதமே என்ன செய்யும் என்று பார்க்க விரும்பினால் பிச்சாவரத்துக்குப் போங்கள். வற்ற நேரத்தில் படகில் போனால் கண்டல் மரங்களைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் பருமனில் நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களைக் காணலாம். சில மணி நேரம் கழித்து அதே வழியில் திரும்பினால் பல இடங்களில் அவை நீருக்குள் போயிருக்கும். அடிமரத்தில் ஈரம் படிந்த கோடு அன்றைய ஏற்றத்தின் அளவைச் சொல்லிவிடும்.

கேள்வி: சுனாமி வந்த 26.12.2004 பௌர்ணமி நாள். அப்படியென்றால் நிலாவுக்கும் அதில் பங்கு உண்டா?
— தாழங்குடா வாசகர்

அன்று பௌர்ணமி என்பது உண்மை. சுனாமியை உண்டாக்கியது அன்று இந்திய நேரப்படி காலை 6.29க்குச் சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட, 9.1 அளவுள்ள நிலநடுக்கம். ஓதம் கடல் முழுவதையும் ஆறு மணி நேரத்தில் மெல்ல உயர்த்துவது; சுனாமி சில நிமிடங்களில் கடலடித் தரை எழும்பியதால் கிளம்பியது. பௌர்ணமிதோறும் பயப்பட வேண்டியதில்லை. கடல் திடீரென்று, ஓத நேரத்துக்குப் பொருந்தாமல், வெகுதூரம் உள்வாங்கினால் எந்தத் திதியானாலும் உடனே மேட்டுக்கு ஓட வேண்டும்.

கேள்வி: ஓத நேரங்களை ஓராண்டுக்கு முன்பே அட்டவணையாக வெளியிடுகிறார்களாமே? மழையையே சரியாகச் சொல்ல முடியாதபோது இது எப்படி முடிகிறது? அந்த அட்டவணையை எவ்வளவு நம்பலாம்?
— கல்லூரி மாணவர், கடலூர்

மழை காற்றைப் பொறுத்தது. ஓதமோ சூரியன், நிலா, பூமி ஆகியவற்றின் நகர்வைப் பொறுத்தது. அந்த நகர்வுகள் கணக்குக்கு அடங்குபவை. நிலா அருகில் வரும்போது சுமார் 3,63,000 கிலோமீட்டர், விலகும்போது 4,05,000 கிலோமீட்டர். இந்த வேறுபாட்டால் மட்டுமே நிலாவின் ஓத விசை நூற்றுக்கு 40 பங்கு வரை கூடிக் குறைகிறது. நிலா பூமத்திய ரேகைக்கு வடக்கேயும் தெற்கேயும் போய்வருவதால் ஒரே நாளின் இரண்டு ஏற்றங்களும் சமமாக இருப்பதில்லை. இப்படி ஒவ்வொரு காரணத்துக்கும் ஒவ்வொரு கால அளவு உண்டு. ஒரு துறைமுகத்தில் நீர்மட்டத்தைத் தொடர்ந்து அளந்து, ஒவ்வொரு கால அளவுக்கும் அங்கே கடல் எவ்வளவு அசைகிறது, எவ்வளவு பிந்துகிறது என்று பிரித்தெடுத்துவிட்டால், பிறகு அவற்றைக் கூட்டி எந்த நாளுக்கும் முன்கூட்டியே சொல்லலாம். பிரிட்டனின் இயற்பியலாளர் கெல்வின் 1870களில் பற்சக்கரங்களாலும் கப்பிகளாலும் இந்தக் கூட்டலைச் செய்யும் பொறியை வடிவமைத்தார். இந்தியத் துறைமுகங்களுக்காகவே 1879இல் லண்டனில் ஒரு பொறி கட்டப்பட்டது. இன்று கணினி அதைச் செய்கிறது. இந்திய நில அளவைத் துறை அட்டவணை வெளியிடுகிறது. ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையமும் ஓத முன்கணிப்பைத் தருகிறது.

எவ்வளவு நம்பலாம் என்றால், அமைதியான நாளில் பெரும்பாலும் நம்பலாம். புயல் நாளில் அது போதாது. தானே புயல் 30.12.2011 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது வளர்பிறை சஷ்டி. பிறை அஷ்டமியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த, ஓதம் வலுக்குறையும் நாட்கள். அட்டவணையின்படி கடல் அடக்கமாக இருந்திருக்க வேண்டும். காற்று தள்ளிய நீரோ அட்டவணை பார்த்து வரவில்லை. அதே புயல் நான்கைந்து நாள் முன்னதாக, அமாவாசை ஏற்றத்தோடு சேர்ந்து வந்திருந்தால் தண்ணீர் இன்னும் மேலே ஏறியிருக்கும். ஆகவே புயல் எச்சரிக்கை உள்ள நாட்களில் அட்டவணையில் காணும் ஏற்றத்தின் அளவோடு, வானிலை ஆய்வு மையம் அறிவிக்கும் கடல்மட்ட உயர்வையும் கூட்டிப் பாருங்கள். புயல் கரையைக் கடக்கும் நேரம் ஏற்ற நேரத்தோடு ஒன்றிப்போகிறதா என்பதையும் அதே அட்டவணையில் சரிபார்த்துக்கொள்ளலாம்.